கத்தாத சில்வண்டுகள்

“காலை நீட்டி உட்காரு கினாசி. முட்டிய மடக்காத, தண்ணி தேங்கும்,” என்றாள் குளிப்பாட்ட வந்திருந்த சுமியாத்தி அக்கா.

வீட்டின் பின்புறம் போர்வைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே மூன்று பெண்கள் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய மடிகளின் மேல் அம்மாவைக் கடைசிக் குளியலுக்குக் கிடத்தியிருந்தார்கள். தலை தாத்திக் சித்தியிடம், இடுப்பு பக்கத்து வீட்டு ருமினி அக்காவிடம். கால்கள் கினாசியிடம்.

காலை எட்டரைக்குப் பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டு போன கால்கள். பதினோரு மணிக்கு வெள்ளை வண்டியில் செருப்பில்லாமல் வந்தன. அந்தச் செருப்புகள் எங்கே விழுந்திருக்கும் என்றே கினாசி யோசித்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

சுமியாத்தி அக்கா கற்பூரத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். “விரல் இடுக்குல தேய்ம்மா. அழுத்தாத. மெதுவா.”

கினாசியின் விரலுக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. தாஹுவின் கால்விரல்களில் தோல் ஒட்டிக்கொள்ளும்போது ஈரப்பஞ்சால் அப்படித்தான் தேய்ப்பாள். சோயாக்கட்டிக்கு அவர்கள் ஊரில் தாஹு என்று பெயர். பொரித்த தாஹு நிறத்தில் இருந்ததால் அந்த வளர்ப்புப் பல்லிக்கு அதே பெயரை வைத்தவளே அம்மாதான். கினாசி சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“என்னடி?” என்றாள் சித்தி.

“ஒண்ணுமில்ல.”

முன்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. வந்தவர் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “பறவைச் சந்தையிலதான் விழுந்தா. அங்க எதுக்குங்க போவா? எனக்காகத்தான். ஒரு மணிப்புறா வாங்கித் தான்னு வருஷக்கணக்கா நச்சரிச்சேன். வீடெல்லாம் எச்சமாக்கும்னு திட்டுவா. அடுத்த வாரம் எனக்குப் பிறந்தநாள் வருதில்ல... சொல்லாமப் போயிருக்கா. நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும்.”

ருமினி அக்கா மூக்கை உறிஞ்சினாள். “பாவம் மனுஷன். தன்னாலதான்னு நினைச்சு நினைச்சே செத்துருவாரு.”

கினாசி அம்மாவின் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் நடந்தது இதுதான். தாஹு ஆறு நாளாகச் சாப்பிடவில்லை. நிறம் வெளுத்து, சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் விட்ட பெரிய சில்வண்டுகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘பெருசா இருக்கறதாலதான் பயப்படுது, சின்னது வேணும்’ என்று கினாசி அழுதாள். அம்மா நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே, “தலை சுத்துதுடி. நாளைக்குப் போறேன்,” என்றாள்.

“நாளைக்குள்ள அது செத்துடும். உனக்கென்ன, பல்லிதானே உனக்கு!”

அம்மா வண்டிச் சாவியை எடுத்தாள். சில்வண்டு பறவைச் சந்தையில்தான் கிடைக்கும்.

உடலை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனதும் வீடு பெண்களோடு நின்றது. கினாசி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாஹு மறைவை விட்டு வெளியே வந்து நின்றிருந்தது. மஞ்சளும் புள்ளியும் புத்தம்புதிதாய் மின்ன, வாயோரம் தொங்கிய பழைய தோலின் கடைசித் துண்டை மென்று விழுங்கியது. கால்விரல்களில் மட்டும் வெள்ளை வளையங்கள் மிச்சமிருந்தன.

அதற்கு நோயே இல்லை. தோல் உரிக்கத்தான் பட்டினி கிடந்திருக்கிறது.

கினாசி தரையில் உட்கார்ந்தாள்.

சித்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “இங்கயா இருக்க? அம்மா போன அன்னிக்கும் உனக்குப் பல்லிதானா? வா, வந்து அரிசி களை. சாயங்காலம் ஓத வர்றவங்களுக்குச் சோறு போடணும்ல.”

கினாசி போனாள். அரிசியை நான்கு முறை களைந்தாள். ஐந்தாம் முறை ருமினி அக்கா பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம். செருப்பில் செம்மண் ஒட்ட அப்பா திரும்பியிருந்தார். பாய் விரித்துக்கொண்டிருந்தவர்களிடம் மறுபடியும் மணிப்புறாக் கதை. ‘அப்பா’ என்று கூப்பிடக் கினாசி இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் யாரோ தேநீர் கேட்டார்கள்.

அப்போது வாசலில் ஒரு மெலிந்த ஆள் வந்து நின்றார். ஒரு கையில் பச்சைச் செருப்பு ஒன்று. இன்னொரு கையில் மூடியில் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் டப்பா.

“நான் கார்மின். அந்த அம்மா என் கடை பெஞ்சுலதான்... தண்ணி கேட்டாங்க. எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள சாய்ஞ்சுட்டாங்க.”

அப்பா அவர் கையைப் பற்றிக்கொண்டார். “புறாக் கடைங்களா?”

“இல்லீங்க. தீனிக் கடை. புழு, சில்வண்டு.” டப்பாவை நீட்டினார். “சின்னதாப் பொறுக்கித் தரச் சொன்னாங்க. பல்லி வெளுத்திருக்கா, திங்கலையான்னு கேட்டேன். ஆமான்னாங்க. தோல் உரிக்கப் போகுதும்மா, ரெண்டு நாள் விட்டா தானாத் திங்கும், இது வேண்டாம்னு சொன்னேன். ‘அப்பாடா’ன்னு சிரிச்சாங்க. அப்புறம், ‘இருந்தாலும் பொறுக்கித் தாப்பா. வெறுங்கையோட போனா என் பொண்ணு தூங்கமாட்டா’ன்னாங்க.”

டப்பாவிலிருந்து சத்தமே வரவில்லை. இறக்கை முளைக்காத சில்வண்டுக் குஞ்சுகள் கத்துவதில்லை.

அப்பா செருப்பையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு டப்பாவையே பார்த்தார். பிறகு கினாசியை. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“உள்ள வா,” என்றார்.

அறைக்குள் அவரே கதவைச் சாத்தினார்.

“தலை சுத்துதுன்னு சொன்னாளா?”

கினாசி தலையசைத்தாள். “நான்தான்பா... நாளைக்குப் போறேன்னு சொன்னாங்க. நான்தான்...”

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். வெகுநேரம் கையில் இருந்த ஒற்றைச் செருப்பின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கிட்டயும் சொன்னா,” என்றார். “நேத்து. காபியக் குடி, சரியாயிடும்னேன்.”

கூடத்தில் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அவர் செருப்பைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியருகே குனிந்தார்.

“உரிச்சிடுச்சா?”

“விரல்ல மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. விட்டா விரல் அழுகிடும்.”

அப்பா வெளியே போய் பிளாஸ்கையும் ஒரு கிண்ணத்தையும் கொண்டுவந்தார். வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். மறுபடி மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாஹுவை இரண்டு கையிலும் ஏந்தி, கால் மட்டும் நனையும்படி தண்ணீரில் பிடித்தார். முன்பு ஒருநாளும் அதைத் தொட்டவரில்லை.

கினாசி பஞ்சை நனைத்தாள். முதல் வளையம் கழன்று, கையுறை விரல்போலத் தண்ணீரில் மிதந்தது.

“சுகெங் ஐயா,” யாரோ கதவைத் தட்டினார்கள். “எல்லாரும் வந்தாச்சு. ஓத ஆரம்பிக்கலாங்களா?”

“கொஞ்சம் பொறுங்க,” என்றார் அப்பா, கையை அசைக்காமல். “இன்னும் ரெண்டு விரல் இருக்கு.”