புல் குத்திய கண்

1

இந்தக் கதை ஒரு கண்ணிலிருந்து வந்தது. மனுசக் கண் இல்லை, கினிப்பன்றியின் கண். (முயலுக்கும் எலிக்கும் சம்பந்தம் பேசி முடித்தது போல ஒரு பிராணி. வால் கிடையாது. பார்க்காதவர்களுக்காகச் சொன்னேன்.) நான் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன். எழுத்து எனக்கு நரைத்த பிறகுதான் வந்தது. அதனால் என் வாக்கியங்கள் நடுவழியில் சுமையை இறக்கி மூச்சு வாங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருண்ட பெட்டிக்குள் இரண்டு அப்பாவி உயிர்கள்..." அடித்துவிட்டேன். பெட்டி ஜன்னலோரம்தான் இருந்தது, நல்ல வெளிச்சம். அடுத்து: "கருணை என்பது"

என்பது என்ன? தெரியவில்லை. அதுவும் அப்படியே கிடக்கட்டும்.

என் மனைவி விலங்குக் காப்பகத்தில் கூண்டு கழுவுகிறாள். மூடிப்போன கடை ஒன்றின் பின்னறையிலிருந்து கினிப்பன்றிகளைக் கூட்டமாக மீட்டு வந்தார்கள். காப்பகத்தில் இடம் போதவில்லை. இரண்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளை ஊமை. பழுப்பு வாயாடி, புல் பையைத் தொட்டாலே விசிலடிக்கும்.

முதல் வாரமே வெள்ளையின் கண்ணில் பால் போல வழிந்தது. பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன்.

"அது சீக்கு இல்லங்க. அந்தப் பால்லதான் அதுங்க மூஞ்சி கழுவும். பாருங்க, ரெண்டு கையாலயும் தேய்க்குது."

"சோப்புச் செலவு மிச்சம்," என்றேன்.

3

பழுப்புக்கு வந்தது பால் இல்லை. இடது கண் பாதி மூடியிருந்தது. கீழே மயிர் நனைந்து ஒட்டியிருந்தது. புல் பையைத் தொட்டேன். விசில் வரவில்லை.

மனைவி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு விழியில் புகை படிந்த மாதிரி ஒரு நீலம், ஓரத்தில் புல் துரும்பு.

"பால்னா கழுவினதும் போயிடும். இது நிக்காம ஊத்துதுங்க. புல்லு குத்தியிருக்கு."

நான் கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

4

இந்தக் கொத்தனாரை என்ன செய்வதென்று தெரியாமல்தான் கதை இங்கே ரொம்ப நாள் நின்றது. எங்கள் வேலையிடத்தில் கண்ணில் மண் விழுந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கொத்தனாரிடம் போவோம். இமையைத் தீக்குச்சியில் மடக்கி, துண்டு நுனியைத் திரித்து ஈரமாக்கி, ஒரே சுண்டு. வெளியே வந்துவிடும். என் கண்ணிலும் எடுத்திருக்கிறார். அந்தக் கண்ணால்தான் இதை எழுதுகிறேன். கதைக்கு வசதியாக அவரை முட்டாளாக்கப் பார்த்தேன். பேனா நகரவில்லை.

முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார்.

"எவ்ளோ கண்ணு பாத்தாச்சு தங்கச்சி. இது மிளகு சைஸு. புடி."

"வேணாம்ண்ணே. டாக்டர்ட்ட போயிடலாம்."

"எலிக்கு டாக்டரா? எனக்கே டாக்டர் கிடையாது!"

"உங்களுக்கு வலிச்சா ஊரே கேக்கக் கத்துவீங்க. இது கத்தாது. சாப்பாட்ட நிறுத்திடும். அதுக்குத் தெரிஞ்ச கத்தல் அதுதான்."

அவர் துண்டு நுனியைத் திரித்துவிட்டார்.

5

(முடிவு ஒன்று: ஒரே சுண்டு. துரும்பு வந்துவிட்டது. பழுப்பு விசிலடிக்கிறது. எல்லோரும் டீ குடிக்கிறோம்.)

(முடிவு இரண்டு: ஒரே சுண்டு. துரும்பு வருகிறது. அதன் பின்னாலேயே)

எழுத முடியவில்லை.

நடந்தது இது. மனைவி தன் உள்ளங்கையால் அதன் கண்ணை மறைத்தாள். துண்டு நுனி அவள் புறங்கையில் பட்டு நின்றது. கொத்தனார் என்னைப் பார்த்தார்.

"உன் கண்ணுக்கு மட்டும் நான் வேணுமாப்பா?"

நான் பெட்டியை எடுக்கக் குனிந்தேன். அவரே முந்திக்கொண்டு அதைத் தூக்கினார். "வாங்க. நீ மூட்டைய வீசற மாதிரி வீசிடுவே. நானே எடுத்துட்டு வரேன்."

6

டாக்டரம்மா கண்ணில் சாயச் சொட்டு ஒன்று விட்டு நீல விளக்கைக் காட்டினார். காயம் பச்சையாக மின்னியது. துரும்பு குத்தி நின்றது.

"யாரும் இழுக்கலையே? நல்லவேளை. ஆழமா இறங்கியிருந்தா இந்தத் துரும்புதான் அடைப்பு. பிடுங்கினா கண்ணே வடிஞ்சுடும். வீட்ல மிச்சமிருந்த கண்ணு மருந்து எதாவது விட்டீங்களா?"

"இல்லம்மா."

"விடவே கூடாது. சில மருந்து புண்ணைப் பெருசாக்கிடும்."

மரத்துப்போகச் சொட்டு விட்டு, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, அவரே எடுத்தார். கண்ணுக்குச் சொட்டு, வலிக்கு மருந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீனி. வயிறு காய விட்டால் கண்ணுக்கு முன்னால் உயிர் போய்விடும் என்றார். கண் தேறுமா?

"இப்பச் சொல்ல முடியாது. தேறலைன்னா எடுத்துடணும். ஒத்தக் கண்ணோடயும் வாழும்."

திரும்பும் வழியில் கொத்தனார் துண்டின் முறுக்கைப் பிரித்துக்கொண்டே வந்தார்.

"என் கை நடுங்கவே இல்லப்பா," என்றார். "அதான் பயமா இருக்கு."

7

இதை எழுதும்போது அந்தக் கண் மூடித்தான் இருக்கிறது. வேலைக்குப் போகுமுன் கொத்தனார் வந்து பிடித்துக்கொள்கிறார், மனைவி சொட்டு விடுகிறாள், நான் புல்லைக் கையால் அலசி முரட்டுத் தண்டுகளைப் பொறுக்கி எறிகிறேன். வெள்ளையின் கண்களையும் தினமும் பார்க்கிறோம். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் முடிவு எங்கே என்று கேட்டார். தேறியது என்று எழுதினால் பொய். போனது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

நாளைக்கு டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். பெட்டியைத் திறப்பது நீங்களாக இருக்கட்டும். புல் பையை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும்: இடது பக்கமாகப் போவதாக இருந்தால் முதலில் குரல் கொடுங்கள். நீங்கள் வருவது அதற்குத் தெரிகிறதோ என்னவோ.