குழல்காரர் மூச்செடுத்த இடம்

1

இந்தக் கதை என் தங்கையிடமிருந்து எடுத்தது. அனுமதி கேட்டேன். "எழுதிக்கோண்ணா. ஆனா என்னைப் பாவமா எழுதாத," என்றாள். ஆகவே கண்ணீர் கிடையாது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'இசை என்பது முழுமையைத் தேடும் ஆன்மாவின்—' அடித்துவிட்டேன். ஆன்மா உள்ளே வந்ததும் கதை கொட்டாவி விட ஆரம்பிக்கிறது.

தங்கை இருபது வருடமாகக் கோரஸ் பாடுகிறவள். கோரஸ்காரர்களின் பிழைப்பே, முன்னால் பாடுகிறவர் மூச்செடுக்கும் இடத்தில் நுழைவதுதான். ஒரு சினிமா ஒலிப்பதிவில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்கென்று ஒரு முழுப் பாட்டு. இசையமைப்பாளரை இங்கே மேதை என்றே குறிப்பிடுகிறேன். அவரும் தன்னை அப்படித்தான் குறிப்பிட்டுக்கொள்கிறார்.

2

சரணத்துக்கு முன்னால் குழல். நடுவில் குழல்காரர் சின்னதாக ஒரு மூச்செடுத்தார். இருபது வருடப் பழக்கம் விடுமா? தங்கை நுழைந்துவிட்டாள். திடுக்கிட்ட குழல்காரர் வாசிப்பை நிறுத்தாமல் அவள் குரலுக்கு அடியில் பதுங்கினார். [இங்கே ஓர் உவமை இருந்தது. மான் வந்தது. விரட்டிவிட்டேன்.] கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு செய்யும் அம்மாள் தலையை நிமிர்த்தி

3

(இந்தப் பகுதி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. இருக்கட்டும்.)

"தாளம் தெரியாதாம்மா?" என்றார் மேதை. "வேற ஆள வச்சு எடுத்துக்கலாம். இதை அழிச்சிடுங்க."

தங்கை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே சொன்னாள்: "இனி கோரஸுக்குக்கூடக் கூப்பிட மாட்டாங்கண்ணா."

(அழுதாளா என்று கேட்காதீர்கள். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

வேறு ஆள் வந்து இம்மி பிசகாமல் பாடினார். பாட்டு இஸ்திரி போட்டு மாட்டிய சட்டை மாதிரி இருந்தது. உள்ளே ஆளில்லை.

4

முதல் முடிவு: ஒலிப்பதிவு அம்மாள் எழுந்து கலையைப் பற்றி முழங்குகிறார். வேண்டாம். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

நடந்தது இது. தயாரிப்பாளர் முதல் பதிவின் நகலை அன்றே வாங்கிப்போய் ஒரு வாரமாகக் காரில் கேட்டுக்கொண்டிருந்தார். புதியதைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

"அந்தம்மா அவசரமா உள்ள வருவாங்களே, அது எங்க?"

"அழிச்சாச்சு சார்," என்றார் மேதை.

"அழிக்கல சார்," என்றார் ஒலிப்பதிவு அம்மாள். "'குப்பை'ன்னு பேர் போட்டு வச்சிருக்கேன்."

குப்பை வெளியே வந்தது. பேருந்தில், சலூனில், பக்கத்து வீட்டுக் குளியலறையில் எல்லாரும் அவசரமாகவே நுழைந்து பாடினார்கள். அந்த ஒரு நொடிக்காக ஆறு மாதம் தவமிருந்ததாக மேதை பேட்டி கொடுக்கிறார். இருந்திருப்பார்.

5

இரண்டாம் பகுதியில் கடைசி வாக்கியம் முடியவில்லை என்று பதிப்பாசிரியர் குறித்து அனுப்பியிருக்கிறார். அது அப்படியே இருக்கும்.

இப்போது அரங்கம். மூவாயிரம் பேர். தங்கை கோரஸ் நிற்கும் ஓரத்தில் இல்லை, நடுவில் நிற்கிறாள். குழல்காரர் வேண்டுமென்றே மூச்செடுக்கிறார். மூவாயிரம் பேரும் அவளோடு சேர்ந்து அந்தத் தப்பைச் செய்கிறார்கள், ஒருவர்கூடப் பிசகாமல்.

கடைசி வரி பாக்கி. நான் மூச்செடுக்கும் இடம் இதுதான், வாசகரே. நுழைந்துவிடுங்கள். நான் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒன்றும்