டுப்லு என்ற பெயர் கடல் தாண்டியது

2001ஆம் ஆண்டு ஆடி மாதம், கே.கே. நகர் பிரவுசிங் சென்டரில் சாரதாம்பாள் வெளிநாட்டிலிருந்த மகனிடம் மைக்கில் பேசிய சௌராஷ்டிரச் சொற்கள் கடல் தாண்டாமல் கடுகு கடுகாக மேசையில் உதிர்ந்தன. கடைக்காரர் இன்னாசிமுத்து பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி அள்ளினார். எறும்புகூட அவற்றைத் தொடவில்லை. “யக்கா, தமிழ்ல பேசுங்க. இம்புட்டையும் யாரு கூட்டுறது?” என்றார்.

தமிழ் கடல் தாண்டியது, ஆனால் முழுதாக இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் பாலகணேஷிடம் தலைவலி என்று அவள் சொன்னால் சொல்லும் போய்ச் சேர்ந்தது, திரையில் தைலப் படமும் வந்தது. தூக்கம் என்றால் மெத்தை வந்தது. ஏக்கம் என்ற சொல் மேசையில் விழுந்தது. பேச்சு வசதியை இலவசமாகத் தந்த கம்பெனியிடம் இன்னாசிமுத்து எழுதிக் கேட்டார். ஏதாவதொரு பொருளை விற்க உதவும் சொற்களை மட்டுமே தாங்கள் சுமப்பதாகவும், மற்றவை கட்டுபடியாகவில்லை என்றும் மரியாதையாகப் பதில் வந்தது. யாரும் கோபப்படவில்லை. எது போகும், எது விழும் என்று சொல்லிப் பார்க்கக் கூட்டம் கூடியது. நாளடைவில் போகாத சொற்களை வீட்டில் பேசுவதையும் விட்டார்கள்.

பாலகணேஷைப் பிறந்ததிலிருந்து சாரதாம்பாள் டுப்லு என்றுதான் கூப்பிடுவாள். மைக்கில் சொன்னால் அந்தப் பெயர் ஒருமுறைகூட அவனுக்குக் கேட்கவில்லை. “ஏம்மா விளம்பரம் மாதிரியே பேசுற? எம்மேல கோவமா?” என்று கேட்டவன் பிறகு இணைப்புக்கே வரவில்லை.

அவளுடைய கணவர் சந்தானம் அப்பளக் கடை வைத்திருந்தார். “அண்ணே, அந்தப் பேர்லயே ஒரு அப்பளம் போடுங்க. தன்னால போகும்,” என்றார் இன்னாசிமுத்து.

“எம் புள்ள பேரைப் பாக்கெட்ல அடிச்சு விக்கவா?” சாரதாம்பாள் எழுந்து போய்விட்டாள்.

தீபாவளி வரை பொறுத்தாள். அன்றும் மகன் வரவில்லை. மறுநாள் அவளே அச்சகத்துக்குப் போய்ப் பெயரைச் சொன்னாள்.

பொங்கலுக்குள் டுப்லு அப்பளம் டி. கல்லுப்பட்டி வரை விற்றது. இன்னாசிமுத்து மெயில் போட்டு பாலகணேஷை ஒரு ஞாயிறு வரவழைத்தார். சாரதாம்பாள் மைக்கில் டுப்லு என்றாள். மேசையில் எதுவும் விழவில்லை. திரையின் மூலையில் ஓர் அப்பளம் பொரிந்தது.

“சொல்லும்மா,” என்றான்.

இப்போதும் அப்பளக் கடையில் யாராவது “ரெண்டு டுப்லு குடுங்க” என்று கேட்டால், சாரதாம்பாள் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பாக்கெட்டை எடுக்கிறாள்.