கல்யாண பிளக்ஸில் கன்னையன்

பக்கத்து வீட்டு மனோஜ் கல்யாணத்துக்குத் தெருமுனையில் பிளக்ஸ் வைக்க ஏற்பாடு செய்தார்கள். போடியில் பிளக்ஸ் கட்டாமல் தாலி ஏறுமா என்ன? மாப்பிள்ளையைச் சுற்றிக் கூட்டாளிகள் முகம் வரும் என்றார்கள். அதில் தன் தம்பி கன்னையன் இல்லை என்று தெரிந்ததும் முத்துப்பேச்சி சண்டைக்கே போய்விட்டாள்.

"பந்தியில எல எடுக்க மட்டும் நாங்க வேணும், எந்தம்பி மூஞ்சி ஒங்களுக்கு ஆகாதோ?"

கேட்டதோடு நிற்காமல் அவன் போட்டோவையும் கொடுத்துவிட்டு வந்தாள். பிளக்ஸ் கடைக்காரன் அதற்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பாண்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டான். பாண்டி ஊரறிந்த ரவுடி. கன்னையன் அவனோடு ஒரு டீகூடக் குடித்ததில்லை.

கல்யாணம் முடிந்த வாரமே பஸ் ஸ்டாண்டு அருகே பாண்டியின் ஆட்கள் ஒருவனை வெட்டிச் சாய்த்தார்கள். ரவுடி என்று ஒருவன் மிஞ்சக் கூடாது என மேலிடத்து உத்தரவு. தனிப்படை வந்தது, பிளக்ஸை அவிழ்த்துக்கொண்டு போனது, அதிலிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த கன்னையனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அடப்பாவிகளா, விசாரிப்பதற்குக்கூட ஒரு வாய் இல்லையா உங்களுக்கு?

வெட்டு விழுந்த நேரத்தில் அவன் போடிமெட்டுக்கு மேலே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் வந்த பெண்கள் அத்தனை பேரும் சோலியை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள்.

"ஐயா, அந்தப் படத்தக் குடுத்தவ நாந்தான்யா. அவனுக்கும் பாண்டிக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது," என்றாள் முத்துப்பேச்சி.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ரவுடி பக்கத்துல தம்பி படத்தப் போட்டு அழகு பாத்தேல்ல? இப்ப என்ன அழுக?"

அவளுக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

பாண்டி வெளியூர்க் கோர்ட்டில் வக்கீலோடு போய்ச் சரணடைந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் கன்னையனை விட்டார்கள், வலது கையில் மாவுக்கட்டோடு. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன், இனித் தப்புத்தண்டாவுக்குப் போக மாட்டேன்' என்று அவன் சொல்லும் வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கடைவீதியில் அதைப் பார்த்து ரசித்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பைத் திருப்பும் கை அது, வீட்டுக்குச் சோறு போடும் கை. அது எவனுக்கு உறைக்கும்?

முத்துப்பேச்சி கதவைத் தாழிட்டாள்.

"எவன்டா அடிச்சான்? பேரச் சொல்லு. கோர்ட்டுக்குப் போவோம். ஜீப்புப் பொம்பளைக பூராம் சாட்சிக்கு வர்றாளுக."

"யாரும் அடிக்கலக்கா."

"கதவச் சாத்திட்டேன்டா. இங்க நீயும் நானுந்தான்."

கன்னையன் சன்னலைப் பார்த்தான். "வழுக்கித்தான் விழுந்தேன்."

"ஏங்கிட்டயுமாடா பொய் சொல்ற?" ஆத்திரம் தாங்காமல் கையை ஓங்கிவிட்டாள்.

அவன் சுவரோரமாகச் சுருண்டான். கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனான்.

"ஐயா, வழுக்கித்தான் விழுந்தேன் ஐயா. யார்ட்டயும் சொல்ல மாட்டேன் ஐயா."