அமிலத்தில் காய்ச்சிய குழாய்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வேதியியல் புத்தகத்தின் ஒரு பக்கத்திலிருந்து பிறந்தது. சில ஆன்டிபயாடிக் மருந்துகளின் மூலக்கூறில் சர்க்கரை ஒட்டியிருக்கும். சிலது கிட்டத்தட்ட முழுக்கவே சர்க்கரை. சிலதில் பெரிய வளையம், அதன் ஓரத்தில் சர்க்கரை. வகை பிரிக்க அதுவும் ஒரு வழி. அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் மருந்து வேலை செய்யாது. (இனிக்குமா என்று கேட்காதீர்கள்.)

2
"மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள்…" சீ, வேண்டாம். ஆய்வகத்துக்குள் மழைக்கு என்ன வேலை?

அவளும் கணவனும் ஒரே ஆய்வகம். மண்ணிலிருந்து நுண்ணுயிர் எடுத்து வளர்த்து மருந்து பிரிப்பது அவன் வேலை; அது எந்த வகை என்று சொல்வது அவள் வேலை. மூன்று வருடம் மாடாய் உழைத்து அவன் ஒன்றைப் பிரித்தான். அதை இரண்டு குழாயில் பிரித்து, பாதியை அவள் அமிலத்தில் காய்ச்சினாள், சர்க்கரை தனியே கழன்று வரட்டும் என்று. மீதியை, கொல்கிறதா என்று பார்க்க, கிருமி வளர்த்த தட்டில் வைத்தாள். ஒரு கிருமிகூடச் சாகவில்லை.

"சுத்தமாப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, அழுக்கோட இருந்தப்ப கொன்னுச்சே?" என்றான் அவன்.

"அப்ப அழுக்குதாங்க கொன்னிருக்கும்."

அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

3
திங்கட்கிழமை குழாய்களைக் கழுவப் போனவளுக்குத் திக்கென்றது. அமிலம் படாத குழாய் நிறைந்தபடியே நிற்கிறது. அப்படியானால் தட்டில் வைத்தது காய்ச்சியதை! உடனே நல்லதை வைத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, கிருமிகளுக்கு நடுவே நாணய அளவுக்குச் சுத்தமான வட்டம்.

வியாழன்வரை அவள் வாய் திறக்கவில்லை.

(இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. கோழையா? இல்லை. பத்து வருடத்தில் இது முதல் தப்பு. அது அவன் தலையிலா விடிய வேண்டும்?)

4
வியாழக்கிழமை அவன் அந்த மருந்தைச் சுரந்த தன் நுண்ணுயிர்களைக் கிருமி கொல்லும் நீராவிக் கலத்தில் அடுக்கினான். "சும்மா இடத்த அடைக்குது. கொன்னுடறேன்."

முடிவு அ: அவள் பேசாமல் பார்த்துக்கொண்டு… அடித்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

முடிவு ஆ: ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். "நிறுத்துங்க! உங்க மருந்து வேலை செய்யுது. நாந்தான் குழாய மாத்தி வச்சுட்டேன்."

அவன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். சிரித்தான், கண் கலங்கினான், மறுபடி சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"எப்பத் தெரிஞ்சுது?"

நுண்ணுயிர்கள் பிழைத்துவிட்டன. மருந்துக்கு ஒரு வகையும் கிடைத்துவிடும், அதற்கு நான் பொறுப்பு. "இப்பதான்" என்று எழுதினேன், அடித்தேன். "செவ்வாய்க்கிழமை" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்கள் வீட்டில் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே அவளும் சொல்லட்டும்.