ஒற்றையாகத் தருவதில்லை

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எலிசபெத்தை எல்லாரும் 'எலி' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் மறந்துபோய் எத்தனையோ காலத்துக்குப் பிறகு, தெலுங்கு பேசும் பெருநகரம் ஒன்றின் தார்நாகா பகுதியில் தனியாகக் குடியிருந்த அவள், நிஜமாகவே எலி வளர்ப்பது என்று முடிவு செய்தாள்.

பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெகுகாலம் ஒரு நாய் இருந்தது. அது போன துக்கம் ஆறி, இன்னொரு குட்டி வாங்கலாமா என்று யோசித்த சமயத்தில்தான் டாக்டர் அவளிடம், இதயத்தின் பம்பிங் குறைந்திருக்கிறது, மருந்தில் ஓட்டலாம், எவ்வளவு காலம் என்று சொல்வதற்கில்லை என்றார். எலிசபெத் இதை யாரிடமும் சொல்லவில்லை. நாய்க்குட்டி யோசனையை மட்டும் விட்டுவிட்டாள். தனக்குப் பின்னால் அது யார் வாசலில் போய் நிற்கும்?

வளர்ப்பு எலி இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று வருஷம் இருக்கும் என்று எங்கோ படித்தபோது அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது. கணக்கு சரியாக வரும் போலிருந்தது.

முதலில் ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தாள். ஒரே கூண்டில் ஆணும் பெண்ணுமாக நெருக்கியடித்துக்கொண்டு, பாதி எலிகள் தும்மிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஒரு பையன் தன் பாம்புக்கு இரை கேட்டு வந்திருந்தான். எலிசபெத் வெளியே வந்துவிட்டாள். அவளுடைய பழைய நாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர்தான், உப்பலில் தேஜஸ்வினி என்று ஒரு பெண் இருக்கிறாள், வியாபாரமாகச் செய்யவில்லை, ஆசைக்காக வளர்க்கிறாள், அவளைப் போய்ப் பாருங்கள் என்று நம்பர் கொடுத்தார்.

தேஜஸ்வினியின் தாத்தா காலத்திலேயே குடும்பம் கும்பகோணத்தை விட்டு வந்துவிட்டது. கச்சிபௌலியில் ஐடி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. வீட்டின் ஓர் அறை முழுக்க எலிகளுக்கு. வருஷத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் எடுப்பதில்லை. தாயும் தகப்பனும் நோய்நொடி இல்லாத வம்சமா என்று பார்த்துத்தான் இணை சேர்ப்பாள். எலிசபெத் உள்ளே போனபோது நாற்றம் எதுவும் இல்லை. காய்ந்த காகிதத்தின் வாசனைதான் இருந்தது. குட்டிகளைக் காட்டும் முன் தாய் எலியை எடுத்து அவள் கையில் விட்டாள் தேஜஸ்வினி. அது மணிக்கட்டை முகர்ந்து பார்த்து, சேலை மடிப்புக்குள் நுழைந்து, அங்கேயே உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது.

குட்டிகளை ஆறு வாரம் ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, பைன் மரத்தூள் பரப்பக் கூடாது, கூண்டுப் பக்கம் ஊதுவத்தி கூடாது என்று தேஜஸ்வினி சொல்லிக்கொண்டே போனாள். ஒற்றையாகத் தருவதில்லை, தந்தால் இரண்டு. என்ன காரணமாக இருந்தாலும் வேண்டாம் என்றால் திருப்பித் தன்னிடமே கொண்டுவர வேண்டும். கடைசியில், ஏன் எலி என்று கேட்டாள்.

இதய டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயத்தை முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் எலிசபெத் சொன்னாள். "எனக்கு முந்தி அதுக போயிரணும். எனக்குப் பொறவு எதுவும் தவிச்சுப்போய் நிக்கக் கூடாது, அதுக்குத்தான் கேக்கேன்."

தேஜஸ்வினி தாய் எலியை வாங்கிக் கூண்டில் விட்டாள். "அது ஓகே ஆன்ட்டி. ஆனா நீங்க திடீர்னு ஆஸ்பத்திரில படுத்தா இதுங்களுக்குத் தண்ணி யாரு வெப்பாங்க? சாவி குடுக்கற மாதிரி ஒரு ஆள் வேணும்."

"அப்படி யாரும் இல்லையே."

"அப்படின்னா நக்கோ, வேணாம் ஆன்ட்டி. கோவிச்சுக்காதீங்க."

கோபமாகத்தான் திரும்பினாள். மெட்ரோவில் வரும்போது, விலை கொடுத்து வாங்குகிற எலிக்கு இத்தனை கேள்வியா என்று பொருமினாள். ஆனால் இரண்டு வாரம் ஆகியும் சேலை மடிப்புக்குள் இருந்த அந்தக் கதகதப்பு போகவில்லை. ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

எதிர்வீட்டில் பகவதியும் அவள் கணவர் ராமசுவாமியும் இருந்தார்கள். படியில் பார்த்தால் சிரிப்பது, பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வது, அதோடு சரி. எலி என்றதும் பகவதி காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். எலிசபெத் விஷயத்தை முழுக்கச் சொல்லி முடித்தபோது பகவதி காலை இறக்கியிருந்தாள்.

"எட்டு வருஷமா எதிர்வீட்டுல இருக்கோம்க்கா. இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு எலி வேண்டியிருந்துச்சா?"

பகவதி உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டாள். எலியைக் கையால் தொட மட்டும் சொல்லக் கூடாது என்றாள்.

அப்படித்தான் இரண்டு பெண் குட்டிகள் தார்நாகாவுக்கு வந்தன. ஒன்று சாம்பல், இன்னொன்று முந்திரி, நிறமே பெயரானது. மாலையில் டிவி முன்னால் எலிசபெத் உட்கார்ந்தால் இரண்டும் தோளில் ஏறிக்கொள்ளும். சந்தோஷம் வந்தால் பல்லை மெல்ல நறநறக்கும். அந்தச் சத்தத்தைக் காதோரம் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போவதும் உண்டு.

முதல் கோடையிலேயே மூச்சுத்திணறல் வந்து எலிசபெத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த மே மாத வெக்கையில் பகவதி நீளக் கரண்டியால் எட்ட நின்று தீனி வைத்தாள், ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் தள்ளினாள். தேஜஸ்வினி வந்து, நான் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்றபோது, வேண்டாம், இப்போதுதான் என்னோடு பழகியிருக்கின்றன என்று பகவதி அனுப்பிவிட்டாள். எலிசபெத் வீடு திரும்பிய அன்று கரண்டியைக் காணவில்லை. முந்திரி பகவதியின் உள்ளங்கையிலிருந்து பட்டாணி வாங்கித் தின்றது.

சாம்பலுக்கு இரண்டு வயசு தாண்டியதும் பின்னங்கால் தளர்ந்தது. அப்புறம் மார்பில் ஒரு கட்டி. நாய்க்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர் வலிக்கு மருந்து கொடுத்தார். ஒரு மத்தியானம் எலிசபெத்தின் மடியிலேயே அடங்கிவிட்டது. தான் போன பிறகு யார் தவிப்பார்கள் என்று இத்தனை நாள் கணக்குப் போட்டவள், தான் அழப்போவதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

முந்திரி தின்னவில்லை. காகிதத் துண்டுகளைக் கவ்விப்போய், சாம்பல் படுத்திருந்த துணித்தூளியில் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டது. தேஜஸ்வினிக்குப் போன் செய்தபோது அவள், தனியாக விட்டால் ஏங்கிப்போகும் என்றாள். தன் வீட்டு வயசான எலிகளோடு விட முந்திரியைத் திருப்பித் தரலாம். இல்லையென்றால் புது ஈற்றிலிருந்து இரண்டு குட்டிகளைத் துணைக்குச் சேர்க்கலாம்.

"ஒண்ணு போதாதா?"

"முந்திரி போனப்புறம் அது ஒத்தையா நிக்குமே, ஆன்ட்டி."

எலிசபெத்துக்கு அன்று முழுக்க இதே யோசனை. இரண்டும் ஒரே நாளில் போகப்போவதில்லை. எப்போதும் ஒன்று மிஞ்சும். அதற்குத் துணை சேர்த்தால், அந்தத் துணைக்கும் ஒரு துணை. யாருமே மிஞ்சாதபடி ஒரு கணக்கு இந்த உலகத்தில் கிடையாது. அவள் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தாள். போன தடவை சொன்னதையேதான் இதய டாக்டர் இந்தத் தடவையும் சொல்லியிருந்தார். புதுக் குட்டிகள் இன்னும் மூன்று வருஷம் இருக்கலாம். அவள் இருப்பாளா?

திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்று தோன்றியது. முந்திரியின் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தாள். பட்டாணியோடு வந்த பகவதி பையைப் பார்த்தாள்.

"எங்க கெளம்புறீங்க?"

எலிசபெத் சொன்னாள். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் புதுக் குட்டிகள் தவித்துப்போய் நிற்கும் என்பதையும் சொன்னாள்.

"நின்னா எதிர்வீட்டுல நிக்கும்," என்றாள் பகவதி. "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சொன்ன பிறகு அவளுக்கே அந்தப் பேச்சு சங்கடமாகிப்போய், பட்டாணியை உரிக்க ஆரம்பித்தாள். எலிசபெத் கிண்ணத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உப்பலுக்குப் போய், குட்டிகள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்கள். பழைய எலிக்குப் பழகாத இடத்தில்தான் புதியவற்றை அறிமுகம் செய்ய வேண்டும் என்று தேஜஸ்வினி சொல்லியிருந்ததால், பகவதி வீட்டு ஹாலில் பழைய விரிப்பை விரித்தார்கள். ராமசுவாமி சோபாவில் காலை மடக்கி வைத்துக்கொண்டார்.

முந்திரி முதலில் அசையவில்லை. குட்டிகள் இரண்டும் அதன் வயிற்றுக்கடியில் முட்டிக்கொண்டு நுழைந்தன. முந்திரி ஒன்றைப் புரட்டிப் போட்டு முன்னங்காலால் அழுத்தியது, குட்டி கீச்சிட்டது. எலிசபெத் கையை நீட்டப் போனாள். பகவதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முந்திரி குனிந்து, அந்தக் குட்டியின் கழுத்தை நக்க ஆரம்பித்தது.

பெயர் வைத்தாகிவிட்டதா என்று ராமசுவாமி கேட்டார். இன்னும் இல்லை என்றாள் எலிசபெத். அவசரமில்லை.