எலிக்குக் கொடுக்கிற இலை

மிக்ஸியின் சின்ன ஜாடியை மகள் எடுக்கப் போனபோது அம்மா முந்திக்கொண்டு பிடுங்கினாள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தவர்களுக்கு இஞ்சி டீ போடச் சொல்லியிருந்தாள் அத்தை. இஞ்சியை அரைக்க ஜாடி வேண்டாமா?

"நான் கழுவித் தர்றேன். நீ போய் அப்பா பக்கத்துல உட்காரு," என்றாள் அம்மா.

"கழுவின ஜாடிதானேம்மா."

அம்மா பிளேடுக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் பச்சையாக இறங்கியது. கூடவே ஒரு கசப்பு இலையின் வாசனையும் எழுந்தது. மகளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க அந்த இலையைக் காயவைத்து, பொடித்து, சாறு இறக்குகிறவள் அவள். தலைக்குக் குளித்தாலும் அந்த வாசனை போகாது.

ஆய்வில் அந்தச் சாறு எலிகளின் கல்லீரலைக் காப்பாற்றியது. கேள்விப்பட்ட நாளிலிருந்து அப்பா விடவில்லை. முப்பது வருஷம் கார்களுக்குப் பெயின்ட் அடித்து, தின்னர் புகையில் கல்லீரலைத் தொலைத்தவர். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர். ஆனாலும் குடித்தே கெட்டார் என்றுதான் தெரு சொன்னது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"எலிக்குக் குடுக்கிற, அப்பனுக்குக் குடுக்க மாட்டியா? என்னையும் ஒரு பெரிய எலின்னு நெனச்சுக்கோயேன்," என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்காததைத் தர முடியாது என்று அவள் மறுத்துவிட்டாள். சரியான பதில்தான். விடிகாலையில் அவர் ரத்தம் கக்கி இறந்ததிலிருந்து அந்தச் சரியான பதில் முள்ளாக உறுத்தியது. கொடுத்திருந்தாலும் பயனில்லை என்பதற்கு அவளிடம் காரணம் இருந்தது. மனசு காரணத்தைக் கேட்டால்தானே?

"எத்தனை நாளா குடுத்தே?"

அம்மாவின் கை நின்றது. "ரெண்டு மாசமா. நீ வேலைக்குப் போனதும் அரைப்பேன். உன் பையில இருந்த இலையப் பார்த்து வச்சிருந்தேன். தெருக்கோடி வேலியிலயே மண்டிக் கிடக்குது. அவர் ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லல. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னுதான் சொல்வாரு." ஜாடியைக் கீழே வைத்தாள். "நான்தான் கொன்னுட்டேனா? நீ படிச்சவ, உண்மையச் சொல்லு."

மகள் சுவரில் சாய்ந்தாள். அவள் கொடுக்காததை அம்மா கொடுத்திருக்கிறாள். அப்பா ஆசை தீரக் குடித்திருக்கிறார். அப்படியும் போய்விட்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் மெல்ல இறங்கியது. அப்பாவைக் கிடத்தியிருக்கும் வீட்டில் இப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. வந்துவிட்டது, என்ன செய்வது.

"இல்லம்மா. டாக்டர் வந்து பார்த்துட்டு என்ன சொன்னாரு? கல்லீரல் இறுகிப்போய், ரத்தம் போக வழியில்லாம உள்ள குழாய் வெடிச்சிருக்கு. இப்படி ஆகலாம்னு அவரு முன்னாடியே எச்சரிச்சாருல்ல? இது இலையால வந்ததில்ல. இலையால நிக்கவும் நிக்காது."

"அப்ப எலி மட்டும் எப்படிப் பொழச்சுது?"

"எலிக்கு முதல்ல இலை குடுப்போம். அப்புறம்தான் விஷம். அப்பாவுக்கு விஷம் எப்பவோ உள்ள போயாச்சு."

அம்மா ஜாடியை எடுத்து இன்னொரு தரம் அலசினாள். பிறகு, "கசப்பு தாங்காம மூஞ்சிய எப்படி வச்சுப்பாரு தெரியுமா," என்று கண்ணைச் சுருக்கி உதட்டைக் கோணிக் காட்டினாள். அப்பாவேதான். மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கும். முன்னறைக்குக் கேட்டுவிடாமல் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"டீ என்னாச்சு?" என்று அத்தை அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

அந்த ஜாடியிலேயே இஞ்சியை அரைத்தார்கள். முதல் டம்ளரை அம்மா மகளிடம் நீட்டினாள்.

"கசக்குதா?"

லேசாகக் கசந்தது. அவள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."